பதில் கொடுத்தவன் நிற்க வேண்டும்

வீட்டைப் பேசி முடித்தது நான்தான். தொலைபேசியை எடுத்த பெண்மணிக்கு வயதான குரல், ஆனாலும் சுறுசுறுப்பு. எந்த வாரம், எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்பே அவர் கேட்டது வேறொன்று.

"உங்க வீட்டுக்காரர் துடுப்பு போடுவாரா?"

"வேலையே அதுதானேம்மா. பயணிகள் படகு ஓட்டி இப்பதான் ஓய்வு வாங்கினார்."

"மோட்டாரை யாரு கேட்டா? நின்னுக்கிட்டுப் போடற துடுப்பு."

"அவங்க அப்பா சரக்குப் படகுக்காரர். நடக்கறதுக்கு முன்னாடியே துடுப்பைப் பிடிச்சேன்னு பீத்திக்குவார்."

"எந்தப் பக்கத்து ஆளு?"

"வெனிஸ்ல காஸ்தெல்லோ பக்கம். அங்கயே பிறந்து வளர்ந்தவர்."

மறுமுனையில் ஒரு ஜன்னல் சாத்தும் ஓசை கேட்டது. பிறகு, "வாங்க, கட்டாயம் வாங்க. கீழே ஒரு படகு கிடக்கு, எடுத்துக்கலாம். அதுக்குன்னு தனியா ஒண்ணும் தர வேண்டாம்" என்றார்.

நல்ல மனுஷி என்று நினைத்தேன். சாந்தேயிடமும் அப்படியே சொன்னேன்.

சாந்தே என் கணவன். நாங்கள் குடியிருந்தது மெஸ்த்ரேயில், வெனிசைக் கரையோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப்புறம், தரையில். வெனிஸ் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாமல் கல்யாணமானதுமே அங்கே போய்விட்டோம். அவன் தினமும் பாலத்தைக் கடந்து போய் ஊர் உலகத்துத் தம்பதிகளையெல்லாம் படகில் ஏற்றி இறக்கிவிட்டு, இரவு களைத்துத் திரும்புவான். எங்களுக்கென்று தேனிலவு இருக்கவில்லை. கல்யாணம் முடிந்த வாரம் கார்னிவல் திருவிழா, ஊர் கொள்ளாத கூட்டம். விடுப்பு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று.

ஓய்வு வாங்கிய அன்று இரவு, பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான். "உன்னைய ஊருக்குள்ள கூட்டிட்டுப் போய், ஒரு வாரம் ஒண்ணுமே செய்ய விடாம வச்சிருக்கப் போறேன்."

"ஒண்ணுமே செய்யாம இருக்க இங்கயே இடம் இருக்கே."

"இங்க நீ சும்மா இருக்க மாட்டே. வயல்காரி. மண்ணைப் பார்த்தா கிளற ஆரம்பிச்சிடுவே."

நான் பாதோவாவுக்கு வெளியே ஒரு பண்ணையில் பிறந்தவள். அவன் என்னை வயல்காரி என்பான். நான் அவனை வாய்க்கால் எலி என்பேன். முதுமை வரைக்கும் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்போம் என்று நினைத்திருந்தேன்.

நவம்பரில் போனோம். கூட்டம் வடிந்திருந்தது. ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு, ஒரு பாலம், இன்னொரு பாலம், பிறகு சற்றே அகலமான ஒரு தெரு. ஒரு காலத்தில் கால்வாயாக இருந்து, கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்துத் தெருவாக்கியது. அந்த ஊரில் அப்படிப்பட்ட தெருக்கள் நிறைய. இதில் ஒரு காய்கறிக் கடை, ஒரு ரொட்டிக் கடை, மேலே கொடிகளில் துணி. தெரு முடியுமிடத்தில், என்னிடம் தொலைபேசியில் பேசிய எல்டாவின் வீடு. அதற்கு அப்பால் தண்ணீர்.

எல்டா மெலிந்து, நிமிர்ந்து, வெள்ளை முடியை இறுகக் கட்டியிருந்தார். மேல்மாடி அவருடையது. நடுமாடி எங்களுக்கு. தரைத்தளத்தில் ஈரமான கல் அறை. அதன் கோடியில் தண்ணீருக்குத் திறக்கும் கதவு, பாசி பிடித்த படிகள், கறுப்பு வண்ணம் பூசிய ஒரு சின்னத் தட்டைப் படகு. சாந்தே அதைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். துடுப்பு சாயும் மரக்கவையைத் தடவினான்.

"நல்லா வச்சிருக்கீங்க எல்டாம்மா. யாரு போடறது?"

"என் புருஷன் பியேரோ போட்டுக்கிட்டிருந்தான். இப்ப யாரும் இல்ல." அவர் அவனுடைய கையைப் பார்த்தார், முகத்தை அல்ல. "மூலையில மட்டும் கவனமாப் போங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன."

அந்த மூலையைச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் நீர்க்கதவிலிருந்து பத்துப் பன்னிரண்டு தள்ளலில் வீட்டுச் சுவர் முடியும். அங்கே கால்வாய் இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் அகலக் கால்வாய்க்கு வழி. வலப்பக்கம் வீட்டை ஒட்டி வளைந்து, ஒரு படகு நீளம் போய், செங்கல் சுவரில் முட்டி நின்றுவிடும். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது நாங்கள் நடந்து வந்த தெரு. அதாவது தூர்த்த கால்வாயின் மிச்சம் அந்த ஒரு படகு நீளம் மட்டும்தான். எங்கள் படுக்கையறைச் சுவர் அந்தத் தெருவை ஒட்டி இருந்தது.

முதல் நாள் வெயிலடித்தது. சாந்தே பின்பக்கம் நின்று துடுப்பைத் தள்ள, நான் முன்னால் மெத்தை போட்டுச் சாய்ந்திருந்தேன். மூலைக்கு முன்னால் அவன், "ஓ...ஏ" என்று நீட்டிக் கத்தினான். நான் திடுக்கிட்டேன்.

"என்னத்துக்குக் கத்தறே? அந்தப் பக்கம் சுவருதானே."

"மூலைன்னா குரல் குடுக்கணும். பழக்கம். உங்க ஊர்ல மாட்டு வண்டி திரும்பறப்போ கத்த மாட்டாங்களா?"

"டிராக்டர் வந்து ரொம்ப நாளாச்சு எலி."

"சரி கேளு, வயல்காரி. மூலைக்கு அந்தப்புறம் யாராவது இருந்தா அவனும் குரல் குடுப்பான். முதல்ல கூப்பிட்டவனுக்கு வழி. பதில் கொடுத்தவன் நிற்க வேண்டும். ஓரமா ஒதுங்கி, அவன் கடந்து போற வரைக்கும் அசையக் கூடாது. எங்க அப்பன் எனக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடம். பேர் எழுதக் கத்துக்கிட்டதெல்லாம் அதுக்கப்புறம்."

"யாரும் பதில் குடுக்கலேன்னா?"

"வழி காலின்னு அர்த்தம். நாம போகலாம்."

எங்கும் போகாமல் போய்க்கொண்டே இருந்தோம். பசித்த இடத்தில் கட்டினோம். நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு கடையில் சோளக் களியின் மேல் மீன் மசியல், வெங்காயமும் வினிகரும் ஊறிய மத்தி, சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஒயின். அவன் பழைய தோழர்கள் இருவர் வந்து அவனை முதுகில் தட்டி, "இவ்வளவு நல்ல பொம்பளையை இத்தனை வருஷம் எந்தக் கிடங்குல ஒளிச்சு வச்சிருந்தே?" என்று கேட்டார்கள். அவன் காது சிவந்தது. படகில் திரும்பும்போது என் காலின் மேல் அவனுடைய கோட்டைப் போர்த்திவிட்டான்.

அந்த ஒரு நாள் எனக்கு முழுதாகக் கிடைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் மூடுபனி இறங்கியது.

காலையில் ரொட்டிக் கடைக்குப் போனபோது கடைக்காரர் கேட்டார். "எல்டா வீட்டுலயா இருக்கீங்க? படகும் குடுத்தாளா?"

"ஆமா. சும்மாவே குடுத்தாங்க."

அவர் ரொட்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார், சுற்றி முடித்த பிறகும். "பனி இறங்கினா இந்த மூலைப் பக்கம் நாங்க யாரும் படகு எடுக்கறதில்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க." ஏன் என்று கேட்டேன். "கண்ணு தெரியாதே" என்றார். புனித மார்த்தீனோ திருநாளுக்குச் சுடும், குதிரைவீரன் வடிவ பிஸ்கட்டு ஒன்றை இலவசமாகப் பையில் போட்டார்.

சாந்தேயிடம் சொன்னேன். அவன் பிஸ்கட்டின் தலையைக் கடித்தபடி சிரித்தான். "பனியிலதான் நான் சம்பாதிச்சேன். ரொட்டிக்காரனுக்குத் தண்ணியைப் பத்தி என்ன தெரியும்?"

அன்று பிற்பகல் திரும்பிக்கொண்டிருந்தோம். பனி தண்ணீர்மேல் பஞ்சுபோல் கிடந்தது. படகின் மூக்கு எனக்குத் தெரியவில்லை. எங்கோ குழந்தைகள் திருநாளுக்காகப் பாத்திரம் தட்டிப் பாடிக்கொண்டு போனார்கள். அந்த ஓசை ஒரு பக்கத்திலிருந்து வந்து இன்னொரு பக்கத்தில் கரைந்தது. பிறகு எதுவுமில்லை. துடுப்பு மரக்கவையில் உராயும் கிறீச் மட்டும். சேற்று வாடை திடீரென்று கனத்தது, யாரோ அடியைக் கலக்கியதுபோல்.

எங்கள் மூலை வந்தது.

"ஓ...ஏ."

சாந்தே அல்ல. குரல் மூலைக்கு அந்தப்புறத்திலிருந்து வந்தது. ஆண்குரல். அவசரமில்லாத குரல்.

"ஓ...ஏ" என்றான் சாந்தே உடனே. துடுப்பை இறுக்கிப் படகைச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்தினான்.

வேறு யாராக இருந்தாலும் பிழைத்திருப்பார்கள். ஊருக்கு வந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள், படம் எடுத்திருப்பார்கள். நானாக இருந்தால் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பேன். அவனுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமே அல்ல. தும்மினவரை வாழ்த்துவதுபோல் வாயிலிருந்து வந்துவிட்டது.

காத்திருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

"சாந்தே," என்றேன் மெதுவாக, "அந்தப் பக்கம் சுவரு."

அவன் துடுப்பின் பிடியைத் தளர்த்தினான். ஒரு தள்ளு தள்ளி மூலைக்கு அப்பால் எட்டிப் பார்த்தோம். செங்கல் சுவர். அதன் அடியில் கறுத்த தண்ணீர். படகு போய் வந்ததுபோல் அதில் மட்டும் சின்னச் சின்ன அலைகள் சுவரில் மோதிக்கொண்டிருந்தன.

"எவனோ பொடியன் தெருவுலேர்ந்து விளையாடறான்" என்றான். துடுப்பைப் போட்டு எங்கள் கதவுக்கு வந்துவிட்டான். அண்ணாந்து பார்த்தேன். மேல்மாடி ஜன்னலில் எல்டா நின்றிருந்தார். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். அழுகைதான், ஆனால் வேறு வகை.

சற்று நேரத்தில் அவரே கீழே வந்தார், கையில் மூடி போட்ட பாத்திரம். வாத்துக்கறி, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு. சாந்தேயின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார்.

"நல்லாச் சாப்பிடு தம்பி" என்றார். மாடிப்படி ஏறும்போது பாடிக்கொண்டே போனார்.

"கிழவிக்கு என் மேல கண்ணு" என்றான் சாந்தே. ஆனால் கறியை அவன் தொடவில்லை.

விடியற்காலையில் விழித்தபோது அவன் கட்டிலில் இல்லை. தெருவை ஒட்டிய சுவரில் காதை வைத்து நின்றிருந்தான். வெறுங்கால். தரை ஈரமாக இருந்தது.

"என்ன பண்றே?"

"நிவேஸ், இங்க வா. கேளு."

கேட்டேன். சுவருக்கு அந்தப்புறம், தெரு இருக்கவேண்டிய இடத்தில், துடுப்பு மரக்கவையில் உராய்ந்தது. ஒரு தள்ளு. நிறுத்தம். மறுபடி ஒரு தள்ளு. ஒரே இடத்தில் படகை நிறுத்திவைக்க அப்படித்தான் போடுவார்கள்.

"காத்துக்கிட்டிருக்கான்" என்றான் சாந்தே.

"யாரு?"

"தெரியல. வழி விடறேன்னு சொல்லிட்டு விடாம வந்துட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட நான் அப்படிப் பண்ணினதில்ல." அவன் குரலில் பயம் இல்லை. வெட்கம் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நான் சட்டென்று ஜன்னலைத் திறந்தேன். கீழே தெரு காய்ந்து கிடந்தது. காய்கறிக் கடையின் காலிப் பெட்டிகள். ஆள் இல்லை. படகு இல்லை. ஜன்னலைத் திறந்ததும் சத்தம் நின்றது. மூடியதும் மறுபடி கேட்டது.

"வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"ஒரு வாரம்னு..."

"இப்பவே. தண்ணி வழியா வேண்டாம். நடந்து போகலாம்."

அவன் என்னைப் பார்த்தான். "சரி வயல்காரி. மண்ணுலயே நடப்போம்." பெட்டியைக் கட்ட உட்கார்ந்தவன் என் துணிகளை ஒவ்வொன்றாக மடித்தான். இதுவரை அவன் மடித்ததே இல்லை.

பகல் ஏறியும் பனி விலகவில்லை. எல்டா சாவியை வாங்க வாசலுக்கு வந்தார். ஏன் சீக்கிரம் கிளம்புகிறீர்கள் என்று கேட்கவில்லை. கறுப்பு உடை போட்டு, காதில் முத்து மாட்டி, உதட்டில் சாயம் பூசியிருந்தார். கையில் ஒரு பெரிய துவாலை வைத்திருந்தார். அது எதற்கு என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

நிலையத்துக்கு அந்தத் தெரு ஒன்றுதான் வழி.

நான் அவனைத் தண்ணீரிலிருந்து விலக்கி அழைத்துப் போவதாக நினைத்தேன்.

கடைகளின் விளக்குகள் மஞ்சள் கறைபோல் தெரிந்தன. ரொட்டிக் கடைக்காரர் எங்களைக் கண்டதும் கதவை இழுத்துச் சாத்தினார். சாந்தே ஒரு கையில் பெட்டியை உருட்டினான். மறுகையால் என் கையைப் பிடித்திருந்தான். பெட்டியின் சக்கரங்கள் கல்லில் கடகடத்தன. தெருவின் நடுப்பகுதிக்கு வந்தபோது அந்தக் கடகடப்பு நின்றது. பெட்டி உருண்டுகொண்டுதான் இருந்தது. ஓசை மட்டும் இல்லை.

சேற்று வாடை.

எனக்குக் கணுக்கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தேன். கல் காய்ந்திருந்தது.

"ஓ...ஏ."

எதிரிலிருந்து. மிக அருகில்.

நான் அவனுடைய வாயைப் பொத்தினேன். அவ்வளவு வேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உள்ளங்கையை அவன் உதட்டில் அழுத்தி, "சொல்லாதே. தயவு செஞ்சு சொல்லாதே" என்றேன்.

அவன் என் கண்ணைப் பார்த்தான். உள்ளங்கையில் முத்தமிட்டான். உதடு ஈரமாக இருந்தது, கடல்நீர்போல் சில்லிட்டது. பிறகு என் கையை மெல்ல எடுத்துக் கீழே விட்டான்.

"நிக்கறான் நிவேஸ். எவ்வளவு நேரம்தான் நிப்பான்."

என்னை ஒரு தள்ளுத் தள்ளி எதிர்ச்சுவருக்கு அனுப்பினான். தான் வலப்பக்கச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டான். பெட்டியைக் காலோடு இழுத்து வைத்தான், இடம் போதவேண்டும் என்று.

"ஓ...ஏ" என்றான்.

அது வந்தது.

நான் ஒன்றையும் காணவில்லை. அவன் கண்கள் நகர்வதைக் கண்டேன். நீளமான ஏதோ ஒன்று தனக்கு முன்னால் கடப்பதை, முன்முனையிலிருந்து பின்முனை வரை, அவன் பார்வையால் தொடர்ந்தான். படகுக்காரர்கள் ஒருவரையொருவர் கடக்கும்போது தலையை இலேசாக அசைத்துக்கொள்வார்கள். அவனும் அசைத்தான். என் முகத்தில் குளிர்காற்று அடித்தது. மட்டமான புகையிலை நாற்றம்.

கடந்துவிட்டது.

சாந்தே என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். "பார்த்தியா, ஒண்ணும்..."

அவன் வாயிலிருந்து தண்ணீர் வந்தது.

அவன் தலைமுடி எழும்பி மிதந்தது. கோட்டு விரிந்து மெதுவாக ஆடியது. கால்கள் கல்லை உதைத்தன. நான் ஓடினேன். மூன்று எட்டு தூரம். அவனைப் பிடித்து மேலே இழுத்தேன். எதிலிருந்து இழுக்கிறேன் என்று தெரியாமல் இழுத்தேன். என் கை காய்ந்தே இருந்தது. அவன் என்னைத் தள்ளவில்லை, பற்றவும் இல்லை. வெகுநேரம் ஆயிற்று. அது சட்டென்று முடிந்தது என்று பிறகு எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். சட்டென்று முடியவில்லை. கடைசிவரை அவனுடைய கண் என் முகத்திலேயே இருந்தது.

தெருக்கோடியில், வீட்டு வாசலில், எல்டாவின் குரல் கேட்டது. நான் அவனைப் பிடித்துக்கொண்டு அலறியபோது அவர் வேறு யாரிடமோ கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"இப்படி நனைஞ்சுட்டியே. உள்ள வா. உள்ள வா என் ராசா."

கதவு சாத்தும் ஓசை கேட்டது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் என்னிடம் இரண்டு முறை கேட்டார், கால்வாயிலிருந்து எடுத்தீர்களா என்று. தெருவில், என்றேன். நுரையீரல் நிறைய உப்புத் தண்ணீர், தொண்டையில் சேறு, என்றார். அவருக்கு என்னை நம்ப முடியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

எல்டா மறுநாள் அங்கேயே வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே இரவில் அவர் இளைத்து, லேசாகி, நிம்மதியாக இருந்தார்.

"மன்னிப்புக் கேக்க வரல கண்ணு" என்றார். "கேட்டா அது பொய்."

நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"என் பியேரோவும் பதில் குடுத்தவன்தான். யாரு முதல்ல அங்க மாட்டிக்கிட்டதுன்னு யாருக்கும் தெரியாது. கால்வாயைத் தூர்த்த அன்னிக்கு உள்ள எவனோ படகோட நின்னிருக்கான். வழி கேட்டுக் கூப்பிட்டிருக்கான். ஒருத்தன் வழி விட்டா அவன் கடக்கலாம். விட்டவன் அவன் இடத்துல நிக்கணும். அவ்வளவுதான் அது. வேற கெட்ட எண்ணம் ஒண்ணும் அதுக்குக் கிடையாது."

"உங்களுக்கு இருந்துச்சே."

"இருந்துச்சு." கைப்பையைத் திறந்து, நாங்கள் திருப்பிக் கொடுத்த சாவியை எடுத்து என் மடியில் வைத்தார். "நேத்து ராத்திரி அவன் என் பக்கத்துல படுத்திருந்தான். காலையில இல்ல. போயிட்டான், நல்லபடியா. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இந்த வீடு உனக்கு வேணும்."

சாவியை வீசியெறிந்தேன். அது நடைவழியில் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றது. அவர் அதை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "அடுத்த பனிக்கு வருவே. வராம இருந்துட்டா, நீ என்னை விடப் பெரியவ."

அடுத்த பனிக்கு வந்தேன்.

மேல்மாடியில்தான் இருக்கிறேன். ரொட்டிக்காரர் எனக்கு ரொட்டி தருவார், பேச மாட்டார். வெயில் நாட்களில் ஒன்றுமில்லை. சுவர் சுவராக இருக்கிறது. பனி இறங்கிவிட்டால் பிற்பகலிலிருந்தே துடுப்பு உராயத் தொடங்கும். ஒரு தள்ளு. நிறுத்தம். பிறகு அவன் குரல். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். குளியலறையில் சோப்பு தீர்ந்தால் கூப்பிடுகிற அதே குரல்.

முதலில் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அவனிடம் பேசுவேன். மெஸ்த்ரே வீட்டை விற்றுவிட்டேன், உன் தோழனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று. பிறகு ஒருநாள் அவன் எதையும் கேட்கவில்லை என்று புரிந்தது. குரலில் ஒரே ஒரு கேள்விதான். வழி இருக்கிறதா. அவன் குளிரில் நிற்கிறான். அவ்வளவு நேரமும், நான் வெங்காயம் நறுக்கிய அவ்வளவு நேரமும், இடுப்பளவு இருட்டில் ஒரே இடத்தில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

நானே அவன் இடத்துக்குப் போகலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். போனேன். கறுப்புப் படகை அவிழ்த்து, துடுப்பைத் தாறுமாறாகப் போட்டு, சுவரில் இடித்து இடித்து மூலைவரை போனேன். அவன் கூப்பிட்டதும் பதில் கொடுத்தேன். தொண்டை கிழியக் கொடுத்தேன். தெருவிலும் போய் நின்று கொடுத்தேன். அவன் காதில் அது விழவே இல்லை. நான் முடித்ததும் முன்புபோலவே மறுபடி கூப்பிட்டான். என்னுடையது வயல்காரியின் கத்தல். தண்ணீரில் பிறந்தவனின் பதில் வேறு, யோசிக்காமல் வருவது. அதை இந்த வயதில் நான் எங்கே போய்க் கற்பேன்.

இன்று பிற்பகல் பனி இறங்கியது. அவன் கூப்பிடத் தொடங்கி நேரமாகிவிட்டது. தொலைபேசி அடித்தது.

ஒரு பெண். சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பேசும்போதே சிரிப்பு வந்தது அவளுக்கு. பக்கத்தில் யாரோ அவளைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

"நடுமாடி கிடைக்குமாம்மா? கல்யாணம் ஆகி ஆறு மாசம் ஆச்சு, இப்பதான் இவருக்கு லீவு குடுத்திருக்காங்க. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. எதையும் பார்க்க வேண்டாம். சும்மா சுத்திக்கிட்டு, தூங்கிக்கிட்டு..."

"எந்த ஊரும்மா நீங்க?"

"நான் திரெவீசோ. இவரு இங்க வெனிஸ்தான், ஜூதெக்கா தீவுக்காரர்."

சுவருக்கு அந்தப்புறம் சாந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினேன்.

"துடுப்பு போடுவாரா?"

"போடுவாரா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது இவருக்கு. இவங்க தாத்தா காலத்துலேர்ந்து படகுதான்."

சுவருக்குப் பின்னால் குரல் பாதியில் நின்றது. நீட்டல் வந்தது; முடிவு வரவில்லை.

துடுப்பும் அசையவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா? இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கேன் கண்ணு" என்றேன். "கீழே ஒரு படகு கிடக்கு, எடுத்துக்கலாம். அதுக்குன்னு தனியா ஒண்ணும் தர வேண்டாம்."

அவள் நன்றி சொல்லி வைத்தாள். நான் வைத்தபோது தொலைபேசி கையிலிருந்து வழுக்கியது. உள்ளங்கை நனைந்திருந்தது, அன்று அவன் முத்தமிட்ட நடுவில் மட்டும், ஓர் உதட்டளவு. துடைத்தேன். மறுபடி ஊறியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்புக் கரித்தது.